கொழுப்பு இறங்கிவிட்டது

கொழுப்பு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

டெங்கு வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் கணவன் சகாயம் கண்மூடிக் கிடந்தான். காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது. விட்ட பிறகுதான் பயப்பட வேண்டும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டாள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறதாம். முகம் உப்பி, கால் சில்லிட்டு, வேறு யாரோ போல இருந்தான்.

"கொலஸ்ட்ரால் ரொம்ப இறங்கிருக்கும்மா. காய்ச்சல் கடுமையா போற சில பேருக்கு இப்படி இறங்கறதப் பாக்கறோம். பிரஷரும் சரியில்ல. ஐசியூவுக்கு மாத்திரலாம்."



"கொறஞ்சதாலதான் கடுமையாச்சா டாக்டர்? இல்ல, கடுமையானதால கொறஞ்சுதா?"

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"எது முதல்லன்னு இன்னும் தெளிவாத் தெரியலம்மா. நீங்க அதெல்லாம் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

குழப்பிக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

குறைத்தது அவள்தானே.

சகாயத்தோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், கிரேன் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அந்த வாரமே இவனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. தினம் ஒரு மாத்திரை என்றார்கள். மாத்திரை மட்டும் போதாது என்று அவள் முடிவு செய்தாள்.

வீட்டில் தேங்காய் நின்றது. முட்டையில் மஞ்சள் நின்றது. மீன் பொரிக்கிற சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினாள். கறி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும்.

சகாயம் முகம் சுளிக்கவில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனான். இப்படியும் ஒரு சாது உண்டா என்று அவளுக்கே பாவமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை ரத்தம் பார்க்கும்போதும் அளவு இறங்கியிருக்கும். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

இப்போது நடந்தாள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். கழுவின பிளாஸ்கையே மறுபடி கழுவினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். சுவரில் கொசு படம் போட்ட அறிவிப்பு ஒன்று இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒரு வரியும் ஏறவில்லை.

எது முதல்லன்னு தெரியல.

இன்னும் கொஞ்சம் ஊட்டியிருக்கலாம். கொஞ்சம் தேங்காய்ப்பால். ஒரு முட்டை, மஞ்சளோடு.

படியேறி மூச்சிரைக்க வந்தாள் புளோரா. சகாயத்தின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். 'என் தம்பியக் காயப் போட்டுட்டா' என்று அவள் ஊரெல்லாம் சொல்வது இவள் காதுக்கும் வந்திருக்கிறது.

அவள் வாயால் கேட்பதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மைனி, அவிய ரத்தத்துல கொழுப்பே இல்லங்காங்க. நாந்தான்... எண்ணெயும் கறியும் கண்ணுல காட்டாம..."



புளோரா ஏசவில்லை. தரையைப் பார்த்தாள். சேலை முந்தானையை எடுத்து விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாத."

"சொல்லுங்க மைனி."

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி அவன் எங்க போறான்னு நெனச்ச?"

கோயிலில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

"எங்க வீட்டுல வந்து சம்மணம் போட்டு உக்காந்துருவான். ஈரலு, கொழுப்புக் கறி, பொரிச்ச சீலா மீனு. நடுவாரத்துலயும் வந்து நிப்பான். உன்ட்ட சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டான், கொழுப்பெடுத்த பய. நீ கொறச்சி ஒண்ணும் கொறையல தாயி. எல்லாம் அந்த மாத்திர பாத்த வேல. இப்ப கொறச்சது, இந்தப் பாழாப்போன காய்ச்ச."

சொல்லிவிட்டுப் புளோரா அழுதாள்.

இவள் அழவில்லை.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அவன் திரும்பி வரும்வரை பசியோடு காத்திருந்த இத்தனை மத்தியானங்கள். அவனுக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று அவளும்தான் தேங்காய் இல்லாத குழம்பை ஊற்றித் தின்றாள்.

காலிலிருந்து சுர்ரென்று ஒரு கோபம் ஏறியது. ஏறிய இடமெல்லாம் அதுவரை இருந்த நடுக்கம் நின்றது.

பிழைத்து வரட்டும், என்று நினைத்தாள். வரட்டும்.

ஐசியூவுக்கு மாற்றினார்கள். இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில், ஒரே பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்தார்கள். மறுநாள் பிரஷர் கொஞ்சம் சீரானது. அதற்கு மறுநாள், தேங்கின நீர் வடிகிறது, நன்றாக ஒன்றுக்குப் போகிறார் என்று நர்ஸ் வந்து சொன்னாள். அது இவ்வளவு பெரிய செய்தியாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

"கண்ணு முழிச்சிட்டாரு. ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

இருவரும் எழுந்தார்கள். புளோரா மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே, முகத்தில் வீக்கம் வடிந்து, சகாயம் சகாயமாக இருந்தான். உதடு வெடித்திருந்தது. அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா வந்தாளா?"

குரல் காற்றாக வந்தது.

"வந்தாவ."

"என்ன சொன்னா?"

அவள் போர்வையை இழுத்து அவன் கால்வரை மூடினாள். ஓரத்தை மடித்துச் செருகினாள்.

"எல்லாம் சொன்னாவ."

சகாயம் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். மூச்சை நீளமாக இழுத்துவிட்டான், அசந்து தூங்குகிறவனைப் போல.

இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.