ஒரு துளை முன்னால்

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக்காரன் நின்ற நிலையைப் பார்த்தால், வீட்டுக்காரரின் ஆயுள் அன்றோடு சரி என்று யாராக இருந்தாலும் சத்தியமே செய்வார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க சார். மறுபடியும் நகத்தினீங்களா இல்லையா?"

"நான் எதுக்குப்பா அதைத் தொடப்போறேன்? குனிஞ்சாலே எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

"அப்போ அதுவா நடந்து போச்சாக்கும்."

வீட்டுக்காரர் ஏரியைப் பார்த்தார். பதில் கிடைக்காதபோதெல்லாம் அவர் ஏரியைத்தான் பார்ப்பார். வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி இருந்தது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

விஷயம் இதுதான். மோட்டார் படகு இழுக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் பலகையில் நின்றபடி ஆறு மிதவைகளைச் சுற்ற வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அவை மாறி மாறி மிதக்கும். மாடிக்காரன் மூன்றாவதில் தவறாமல் விழுந்தான். இதுவரை அவன் குடித்த ஏரித் தண்ணீரில் அந்தத் தெருவே ஒரு மாதம் துணி துவைக்கலாம்.

குற்றம் தன்மேல் இல்லை, பூட்ஸ்மேல்தான் என்று அவன் கண்டுபிடித்தான். பலகையில் திருகியிருக்கும் ரப்பர் பூட்ஸை ஒரு துளை முன்னால் தள்ளினால் பலகையின் மூக்கு தண்ணீரைக் கவ்வும், சட்டென்று திரும்பும். தினமும் பயிற்சி முடிந்ததும் மறுநாளுக்காகத் தள்ளி இறுக்கிவிட்டுப் போவான். மறுநாள் ஆபீஸிலிருந்து ஓடி வந்து பார்த்தால், பூட்ஸ் பழைய துளையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். திரும்பப் பிரித்து மாட்டுவதற்குள் இருட்டிவிடும் என்று அப்படியே ஏறுவான், விழுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் போட்டி. வருங்கால மாமனார் வேறு வருகிறார். "ஆறையும் கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துவேன் மாமா" என்று போனில் அளந்து வைத்திருந்தான். பையன் பேச்சில் எத்தனை பங்கு நிஜம் என்று பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

வீட்டுக்காரரை முறைத்துக்கொள்ளவும் வழியில்லை. கொட்டகையில் கிடந்த பலகையை இரவல் கொடுத்தவர் அவர். சாயங்காலம் படகு ஓட்டுகிறவரும் அவர்தான். போதாததற்குக் கூடத்து அலமாரி நிறைய நீர்ச்சறுக்குக் கோப்பைகள். "இதெல்லாம் சும்மா கிடைக்குமா தம்பி?" என்று அவர் அவற்றைத் துடைக்கும்போது மாடிக்காரன் கைகட்டி நிற்பான்.

ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பூட்ஸுக்குள் காலை நுழைக்க அவன் ஒவ்வொரு தடவையும் அரைக் கட்டி சோப்பைக் கரைத்தான். வீட்டுக்காரரின் செருப்புகளோ, இரண்டு தோணிகள் கரை ஒதுங்கிய மாதிரி வாசலை அடைத்துக் கிடக்கும். சாம்பியன்களுக்கு அதற்கும் ஒரு வித்தை தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான்.

வீட்டுக்காரரின் மனைவி பல் டாக்டர். சாயங்காலம் கிளினிக் போனால் ஊர் அடங்கித்தான் திரும்புவார். அந்த வாரம் முழுக்க அவரும் புருஷனோடு சரியாகப் பேசவில்லை.

"இந்த மனுஷனை என்ன பண்றதுன்னே தெரியலப்பா" என்று மாடிப்படி அருகே ஒருநாள் முனகினார்.

"எனக்கும் அதேதான் டாக்டரம்மா" என்றான் மாடிக்காரன், மனதார.

வெள்ளிக்கிழமையும் பூட்ஸ் பின்னால் போயிருந்தது. அன்று விழுந்த விழுகையில் மீன்கள் எல்லாம் எதிர்க்கரைக்குக் குடிபோய்விட்டன.

பொழுது விடிவது என்பதை மாடிக்காரன் கேள்விப்பட்டதோடு சரி. சனிக்கிழமை மட்டும் அலாரம் வைத்து எழுந்தான். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே பூட்ஸையும் மாற்றிவிடுவது என்று ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கினான்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மங்கலான வெளிச்சத்தில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு பலகைமேல் குனிந்திருந்தார்கள். தலையில் தொப்பி, உடம்பில் லைஃப் ஜாக்கெட். திருகுகள் கழலும் சத்தம் அவன் பல்லைக் கூசவைத்தது.

"குனிஞ்சா இடுப்பு பிடிக்கும்னீங்களே சார். இப்போ பிடிக்கலையா?"

"தம்பி, நான் இங்க இருக்கேன்" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினான். கரையோரப் படகில், சாவியைப் பிடித்தபடி வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் முகத்தைக் காட்டவில்லை. ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையருகே குனிந்திருந்த உருவம் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றியது. பல் டாக்டரம்மா. அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"அத்தனை கோப்பை வாங்கின என் பலகையைத் தினமும் நோண்டினது இவர் இல்ல, நீதானா?"