பச்சைத் திரை போட்ட ரிக்‌ஷா

டத்தோ கிராமாட் சாலையில் புதிதாகத் திறந்த இலவச மருந்தகத்துக்குள் அன்று காலையும் ஒருவர்கூட நுழையவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜவுளி வியாபாரி சீனி முகம்மதுக்குக் கோப்பி வழக்கத்தைவிட இனித்தது.

அவர் சொன்னது சொன்னபடியே நடக்கிறது. வரி கட்டுவோர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஊர் வரிப்பணத்தில் எல்லாருக்கும் சும்மா மருந்து கொடுப்பது வீண் வேலை என்று முழங்கியவர் அவர்தான். ஏழைக்குக் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இல்லையா என்றும் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. தர்காவில் ஏழைகளுக்குப் போடும் கந்தூரிச் சோற்றுக்கு அரிசி மூட்டை அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சர்க்காரும் அரை மனதோடுதான் மருந்தகத்தைத் திறந்திருந்தது. இந்த வாரத்துக்குள் நோயாளிகள் வராவிட்டால் மூடிவிடுவதாகப் பேச்சு. இன்று சனிக்கிழமை, கடைசி நாள்.

நோயாளிகள் இல்லாமல் இல்லை. கோப்பிக்கடையை ஒட்டிய மரத்தடியில் ஒரு கூட்டமே நின்றது. கட்டுப் போட்ட காலோடு ஒருவர், கன்னம் வீங்கிய ஒரு பெண். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தனியார் டாக்டரிடம் போக வழியில்லாதவர்கள். எல்லாரும் யாருக்கோ காத்திருப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

சும்மா மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான், தர்மாஸ்பத்திரி. அதன் படியேறுகிறவன் பிச்சைக்காரன். நாலு பேர் பார்க்க யார் முதலில் ஏறுவது?

அந்தக் கூட்டத்தில் முனுசாமியும் நின்றான். துறைமுகத்திலிருந்து சீனி முகம்மதின் கடைக்குத் துணி மூட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரன். அவன் தோளில் கிடந்த மகள் காய்ச்சலில் கண்ணையே திறக்கவில்லை.

சீனி முகம்மதுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய், நல்ல டாக்டரிடம் காட்டு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முனுசாமி மறுத்துவிட்டான். கஷாயம் கொடுத்திருக்கிறோம் முதலாளி, சரியாகிவிடும் என்றான். சொல்லும்போது அவன் கண் எதிரே இருந்த மருந்தகத்தின் மேலேயே இருந்தது.

திமிர் பிடித்தவன் என்று முனகிக்கொண்டே அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நேற்றுச் சாப்பாட்டின்போது அவர் மனைவி ஆசியா பீவி இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசினாள். கொடுக்கிறவருக்குச் சுகமாகத்தான் இருக்கும், வாங்குகிறவன் அல்லவா தலை குனிய வேண்டியிருக்கிறது என்றாள். எல்லாரும் போகிற இடம் என்றால் யாரும் குனிய வேண்டாமே என்றும் சொன்னாள். உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் மீன் முள்ளைப் பொறுக்கினார்.

அந்தச் சமயத்தில்தான் பச்சைத் திரை போட்ட ரிக்‌ஷா ஒன்று மருந்தக வாசலில் வந்து நின்றது.

அந்தப் பச்சை அவர் கடைத் துணி. வீட்டுப் பெண்கள் வெளியே போகும்போது மறைப்பாக இருக்கட்டும் என்று அவரே வெட்டிக் கொடுத்தது.

திரையை விலக்கிக்கொண்டு வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஆசியா பீவி இறங்கினாள். இறங்கும்போதே தள்ளாடினாள். ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போய்விட்டாள்.

காலையில் நன்றாகத்தானே இருந்தாள்?

கோப்பி மேசையில் கொட்டியது. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீனி முகம்மது ஓடினார். அவர் ஓடி அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒரு செருப்பு நடுச்சாலையிலேயே தங்கிவிட்டது. தொப்பி கோணிக்கொண்டு காதுவரை இறங்கியது. குறுக்கே வந்த வேறொரு வண்டிக்காரன் திட்ட வாயெடுத்து, ஆளைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

உள்ளே நீள பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க அவள் பக்கத்தில் போய் விழுந்தார்.

"என்ன புள்ள செய்யுது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் முனுசாமி நின்றான். ஒரு கால் கீழே, ஒரு கால் படியில். சீனி முகம்மது முதலாளியே விழுந்தடித்துக்கொண்டு போகிற இடத்தை இனி யார் பிச்சைக்கார இடம் என்பது? அடுத்த காலையும் எடுத்து வைத்தான். அவனுக்குப் பின்னால் கட்டுப் போட்ட காலும் வீங்கிய கன்னமும் வந்தன. மரத்தடி காலியாகிக்கொண்டிருந்தது.

வெள்ளை உடுப்புப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எழுந்து வந்து, முனுசாமியின் தோளிலிருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரே உள்ளறைக்குக் கூட்டிப் போனார்.

ஆசியா பீவி அப்போதுதான் கணவர் பக்கம் குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. உங்கள இந்தப் படி ஏத்த எனக்கு வேற வழி தெரியல."

சீனி முகம்மதின் முகம் சிவந்தது. அத்தனை பேர் நடுவில் முழங்கிய மனிதரை, ஒற்றைச் செருப்போடு ஓட வைத்துவிட்டாளே! அப்படியே எழுந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் நன்றாகச் சாய்ந்து உட்காரவில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்திருந்தார்கள். அவர் எழுந்தால் அவர்களும் எழுந்துவிடுவார்கள்.

உள்ளறையில் மருந்தின் கசப்புத் தாங்காமல் முனுசாமியின் மகள் வீரிட்டு அழுதாள். காலையிலிருந்து அவள் போட்ட முதல் சத்தம் அது.

டிரஸ்ஸர் வெளியே வந்து, அடுத்தது யார் என்று கேட்டார்.

சீனி முகம்மது தொப்பியைச் சரிசெய்தார். மனைவியை ஒரு முறை முறைத்தார்.

பிறகு, கூட்டத்தில் முழங்கிய அதே குரலில், இருமத் தொடங்கினார்.