பார்வை நேரம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் பார்வை நேரம். ஆராய்ச்சிக்கு உடல் செல் கொடுத்துவிட்டுச் செத்துப்போனவர்களை, சொந்தக்காரர்கள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

செண்பகவல்லி ஒன்பது வருடமாகத் தவறாமல் வருகிறாள். அவள் புருஷன் தங்கப்பழத்தின் ஈரல் செல்களால்தான் காமாலைக்குப் புது மருந்தே வந்தது. அவற்றுக்குத் தீனி வைக்கவேண்டிய ஊழியன் பரிதி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் நாலு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டான். திரும்பி வந்தபோது தட்டில் உயிரோடு ஒரு செல்கூட இல்லை. பயத்தில் தன் செல்லையே வளர்த்து, தங்கப்பழம் என்று பெயர் ஒட்டி வைத்துவிட்டான்.

இந்த மாதமும் அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன தம்பி, தட்டு நெறையப் பரவிட்டாரே! எப்பவும் ஓரத்துலல்லா ஒதுங்கிக் கெடப்பாரு. வீட்டுலயும் அப்படித்தான்."

"அது... புதுச் சத்து மருந்தும்மா," என்றான் பரிதி.

அவள் தூக்குவாளியை நீட்டினாள். புருஷனுக்கென்று மாதாமாதம் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு. சாப்பிடுவது என்னவோ பரிதிதான்.

அவன் மூடியைத் திறந்தான்.

"எப்ப போனாரு தம்பி?"

பரிதி தரையைப் பார்த்தான். "பொங்கலப்ப."

"பசியோடயா?"

திறந்த மூடி அவன் கையிலேயே இருந்தது.