பழசாக்கத் தெரிந்தவன்

விமானத்தின் இடது இறக்கை கருகியிருந்தது. வயிற்றுப் பக்கம் நெடுக எண்ணெய் ஒழுகிக் காய்ந்திருந்தது. வாலில் குண்டு துளைத்த ஓட்டைகள்.

"இது எங்க வுழுந்துச்சு?" என்று கேட்டார் கிருபானந்தம்.

"எங்கயும் வுழல சார். போன வாரம்தான் ஒட்டி முடிச்சேன்" என்றான் ரிச்சர்ட்.

கிருபானந்தம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் மாடல்தான். ஆனால் நிஜமாகவே சண்டைக்குப் போய்த் திரும்பியதுபோல இருந்தது. விமானி உட்காரும் கூண்டுக்குக் கீழே பொடியாய் உருது எழுத்து.

"இது இன்னா?"

"விமானிங்க அவங்களுக்கு வேண்டியவங்க பேரை அங்க எழுதி வெச்சிப்பாங்க சார்."

"உருதுலயா? பாகிஸ்தான்காரன் பிளேனா?"

ரிச்சர்ட் சிரிப்பதுபோல உதட்டை அசைத்தான்.

ஆள் சரியான ஆள்தான். கிருபானந்தம் மேனேஜராக இருக்கும் தோல் கம்பெனியில் ரிச்சர்ட் ஸ்ப்ரே அடிப்பவன். புதுத் தோலைப் பல வருஷம் உழைத்த தோல் மாதிரி ஆக்க ஆம்பூரில் அவனை விட்டால் ஆள் கிடையாது.

ரிச்சர்ட் வீட்டுக்கு வெளியே நின்ற தன் ஜீப்பைக் காட்டினார். வெயிலில் வெளுத்துப்போன நீல ஜீப். இடது மட்கார்டு மட்டும் பளபளவென்றிருந்தது.

"மாடு குறுக்க வந்துடுச்சுப்பா. பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சிட்டேன். இப்ப பைபாஸ்ல ஒரு பொண்ணு அடிபட்டுச் செத்ததுக்கு, இன்ஸ்பெக்டர் ஊர்ல இருக்கற நீல ஜீப்பெல்லாம் தேடித்தேடிப் பார்க்கறாரு. மாட்டை இடிச்சிட்டு நான் இன்னாத்துக்கு ஸ்டேஷனுக்கு அலையணும், பேஜாரு? உன் பிளேன் மாதிரி இதையும் பழசாக்கிக் குடு."

மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. மொபெட்டில் வந்தவள் பெயர் பில்கிஸ் என்பதே மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். வேறொரு கம்பெனியில் ஷூ தைக்கிறவள், கல்யாணம் ஆகாதவள் என்று போட்டிருந்தது.

ரிச்சர்ட் மட்கார்டை விரல் நுனியால் தடவினான்.

"எப்படி அடிபட்டுச்சுன்னு சொல்லுங்க சார்."

"அது எதுக்கு உனக்கு?"

"கதை தெரியாம பழசாக்க முடியாது. இந்த பிளேனைக்கூட எந்தப் பக்கத்துல இருந்து சுட்டாங்கன்னு படிச்சிட்டுத்தான் ஓட்டை போட்டேன். அடி ஒரு பக்கம், துரு ஒரு பக்கம் இருந்தா வெவரம் தெரிஞ்சவன் புடிச்சிடுவான்."

அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாடு என்பதை மட்டும் மாற்றாமல் மற்றதையெல்லாம் நடந்தபடியே சொன்னார். பச்சகுப்பம் தாண்டி, நாலு வழிச் சாலைக்குத் தோண்டிப் போட்டிருந்த இடம். நல்ல மழை.

"எவ்ளோ உயரத்துல பட்டுச்சு?"

"முட்டிக்குக் கொஞ்சம் மேல."

"உடனே செத்துடுச்சா?"

"இல்ல. பள்ளத்துல கெடந்து கத்திக்கினு இருந்துச்சு."

"நிறுத்தலையா சார்?"

"மாட்டுக்கெல்லாம் யாருப்பா நிறுத்துவாங்க?"

ரிச்சர்ட் தலையாட்டினான். "வண்டி ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். அப்புறம் எங்கனா தூரமா எடுப்பீங்களா?"

"போலீஸ் வந்துட்டுப் போவற வரைக்கும் தொடவே மாட்டேன். அப்புறம் வூட்டம்மாவை ஏலகிரி கூட்டிக்கினு போவணும். ரொம்ப நாளா கேக்கறா."

ரெண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தபோது எந்த மட்கார்டு புதுசு என்று அவருக்கே குழப்பமாக இருந்தது. நீலம் வெளுத்திருந்தது. போல்ட்டைச் சுற்றித் துரு. கல் தெறித்த புள்ளிகளுக்குள் பழைய சேறு.

"உனக்கு இன்னா வேணும், கேளு" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார். இந்த மாதிரி வேலை கெடைக்கறதே கஷ்டம்."

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மட்கார்டை நகத்தால் கீறிப் பார்த்தார். குனிந்து துருவைப் பார்த்தார். "இன்னா சார், மேனேஜரா இருந்துக்கினு இன்னும் இந்த ஓட்டை வண்டிதானா?" என்றவர், டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கிருபானந்தம் மனைவி தேவகிருபையை ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனார். படகில் சுற்றினார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மலை இறங்க ஆரம்பித்ததும் செல் அடித்தது. ரிச்சர்ட்.

"இன்ஸ்பெக்டர் வந்தாரா சார்?"

"வந்தாரு, பார்த்தாரு, போய்ட்டாரு. நகத்தால கீறினாருப்பா. அப்பக்கூட ஒண்ணும் தெரியல அவருக்கு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஏலகிரில இருந்து எறங்கறேன்."

"மேடமும் கூட இருக்காங்களா?"

"பக்கத்துல தூங்கறா. இன்னா விஷயம், சொல்லு."

"பில்கிஸ் என் பொண்டாட்டி சார். ரிஜிஸ்டர் பண்ணிக்கினோம். ரெண்டு வூட்லயும் சொல்லல."

எதிரே கொண்டை ஊசி வளைவு வந்தது. கிருபானந்தம் பிரேக்கை மிதித்தார். பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனது.

ரிச்சர்ட் அதே குரலில் சொன்னான்.

"பிரேக்கையும் பழசாக்கிட்டேன், சார்."