அர்ச்சுனன் முழுங்கிய மாத்திரை

விரதம் இருக்கிற அர்ச்சுனன் கிணற்றடியில் தண்ணீர் குடித்தால் அதற்கு என்ன பேர்? துரோகம்தான். அர்ச்சுனன் வேஷம் கட்டுகிற விருத்தாசலமும் அப்படித்தான் நினைத்தான். நினைத்துக்கொண்டேதான் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி முழுங்கினான்.

நிமிர்ந்தால், எதிரே தர்மகர்த்தா பெரியதம்பி.

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊர் அது. திரௌபதை அம்மன் திருவிழாவில் அன்றைக்கு அர்ச்சுனன் தபசு. பனை உயரத்துக்கு நட்டிருக்கும் மரத்தில், அர்ச்சுனன் வேஷக்காரன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறவேண்டும். உச்சியில் நின்று எலுமிச்சம்பழம் வீசவேண்டும். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். காப்புக் கட்டின நாளிலிருந்து விரதம். ஏறுகிற அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது.

போன வருஷம் பாதி மரத்தில் விருத்தாசலத்துக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. பாட்டு நின்றது. கைத்தாங்கலாக இறக்கினார்கள். அப்புறம் மழை வேறு பொய்த்ததா, பழியெல்லாம் இவன் தலையில். இந்தத் தடவையும் நின்றால், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருகிற வேஷம் கைமாறிப் போகும். ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

அதனால்தான் திண்டிவனத்து டாக்டரிடம் போனான். சும்மா இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறேன், ஓடினால் ஏறினால்தான் இழுக்குது என்றான். பாவம், டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேகமாக மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்குள் இருக்கிற காற்றுக்குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. எபிட்ரின் மாத்திரை அந்தக் குழாய்களைச் சுற்றி இருக்கிற தசையைத் தளர்த்தி வழி விடும். ஆனால் வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து வேலை செய்ய அரை மணியாவது ஆகும்.

"இழுப்பு வந்தப்புறம் முழுங்கிட்டு என்னைத் திட்டாதே. ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்" என்றார்.

முன்னாடியே போட்டுக்கொள்ள எங்கே விட்டார்கள்? விடிந்ததிலிருந்து சுற்றிலும் ஆள். கடைசியாகக் குளிக்கப் போனபோதுதான் கொஞ்சம் தனிமை கிடைத்தது. அதிலும் அந்த மனுஷன் வந்து நின்றுவிட்டார்.

மரத்தடிக்கு வந்தபோது மேளம் தூள் பறந்தது. மாத்திரை இன்னும் வயிற்றில்தான் கிடக்கும். இப்போது ஏறினால் பாதியில் நிற்க வேண்டியதுதான். ஏறமாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. விருத்தாசலம் முதல் படியில் கை வைத்தான்.

"நிறுத்து" என்றார் பெரியதம்பி.

மேளம் நின்றது. சரி, மானம் போச்சு என்று இவன் கண்ணை மூடிக்கொண்டான். பெரியதம்பி லேசுப்பட்டவர் இல்லை. தீமிதிக்குக் கரகம் எடுக்கிறவர். பீமன் வேஷக்காரன் வெற்றிலை போட்டான் என்று, நடுத்தெருவில் காப்பை அவிழ்க்க வைத்தவர்.

ஆனால் அவர் சொன்னது வேறு. மரத்தைப் பிடித்திருக்கிற கயிறு தளர்ந்திருக்கிறதாம். அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொன்னார். அது முடிந்ததும் எலுமிச்சம்பழக் கூடையைக் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விருத்தாசலத்திடம் வந்து, காப்பு இறுக்கமா இருக்குதா பாக்கறேன் என்று மணிக்கட்டைப் பிடித்தார். விடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய், பெண்களின் வரிசை சரியில்லை என்று ஆரம்பித்தார்.

பெருசு இன்னா இப்படிப் பேஜாரு பண்ணிக்கினு கீது, ஈரப் புடவை உடம்புலயே காஞ்சிப்போச்சி என்று கூட்டம் முணுமுணுத்தது. நல்ல நேரம் தாண்டிப் போகிறது என்று பூசாரியும் பல்லைக் கடித்தார்.

விருத்தாசலத்துக்குத்தான் விஷயம் தெரியும். சுத்துப்பட்டு சனமெல்லாம் வந்து சேரட்டும், அப்புறம் போட்டு உடைக்கலாம் என்று காத்திருக்கிறார். உடைக்கிறதை உடைத்துத் தொலைக்கலாமே, எதற்கு இந்தச் சித்திரவதை? நெஞ்சு படபடவென்று அடித்தது. விரலெல்லாம் நடுங்கியது.

பெரியதம்பி மறுபடி வந்தார். மறுபடி காப்பு. மறுபடி மணிக்கட்டு.

"கை நடுங்குதே" என்றார்.

"பயமா கீது மாமா."

"ம். ஏறு."

அவ்வளவுதான். மேளம் எழுந்தது. விருத்தாசலம் ஏறினான். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, போன வருஷம் நின்ற படியும் தாண்டியது. மூச்சு வாங்கியதே தவிர இழுப்பைக் காணோம். உச்சியில் நின்று அவன் பாடிய பாட்டு அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். எலுமிச்சம்பழங்கள் மடிமடியாக விழுந்தன. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இறங்கி வந்தவனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குறுகுறுப்பு ஒரு பக்கம். விபூதி பூச வந்த பெரியதம்பியின் காலிலேயே விழுந்துவிட்டான்.

"மாமா, நான் விரதத்த முறிச்சிட்டேன்."

"பார்த்தேனே. மாத்திரை புடிக்கட்டும்னுதான் இவ்ளோ நேரம் ஊர்க்காரங்க கிட்ட திட்டு வாங்கிக்கினு நின்னேன். கை நடுங்கினா மருந்து புடிச்சிடுச்சின்னு அர்த்தம்."

விருத்தாசலம் வாயைப் பிளந்தான். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டான்.

பெரியதம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விபூதி பூசுகிற சாக்கில் குனிந்து அவன் காதில் சொன்னார்:

"தீமிதி அன்னிக்கி கரகம் எடுத்துக்கினு ஓடறப்போ என் கை நடுங்குதே, அம்மன் எறங்கிட்டான்னு ஊரே உழுந்து கும்புடுதே... அதுவும் அதே திண்டிவனத்து டாக்டரு மாத்திரைதாண்டா."