காலி இல்லாத நாற்காலிகள்

ஆம்பூரிலிருந்த அந்த மத்திய அரசு அலுவலகத்துக்கு நாடாளுமன்றக் குழு ஆய்வுக்கு வந்திருந்தது. தற்காலிக ஊழியை பூரணி காபி கொடுத்தாள். ஆய்வு நல்லபடியாக முடிந்தால் அவளை நிரந்தரமாக்குவதாக அதிகாரி பஞ்சாட்சரம் வாக்குக் கொடுத்திருந்தார்.

எல்லா மேசைகளிலும் பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

குழுத் தலைவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. இத்தனை பேர் இருக்கும்போது தற்காலிக ஊழியை எதற்கு? வீண் செலவு. இன்றே நிறுத்திவிடுங்கள்."

பூரணி அதிகாரியைப் பார்த்தாள். அவர் "யெஸ் சார்" என்றார்.

கார்கள் கிளம்பியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீ கூப்ட்டன்னு வந்து, வேலைக்கே வராதவங்க சீட்ல உக்காந்து இன்னாமா நடிச்சோம் பாத்தியா! ஷூ கம்பெனில ஷிப்ட்டுக்கு டைமாச்சு, சீக்கிரம் சொல்லுடி... பர்மனென்ட் ஆய்ட்டியா?"