மேஜையில் துடித்த நாடி

பக்கத்துக் கடைக்காரரின் முன்கையைக் கண்ணாடி கிழித்தபோது தையல்காரிதான் முதலில் ஓடினாள். புதுத்துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அது நனைந்ததும் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நாடி அவள் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். சாப்பாட்டு மேஜையில் வலது கையை ஊன்றினாள். பலகைக்குள் அதே நாடி துடித்தது.

"மேஜை துடிக்குதுங்க."

கணவன் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. பயந்துட்டே, அவ்வளவுதான். கையை எடுத்துட்டுச் சாப்பிடு."

எடுத்தாள். இருப்புக்கொள்ளவில்லை. நாலு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. மறுபடி ஊன்றியபோது துடிப்பு மெலிந்திருந்தது. பதறிப்போய் அழுத்தினாள். மெல்ல மெல்லப் பழையபடி ஏறியது.

சற்று நேரத்தில் கடைக்காரரின் மனைவி போன் செய்தாள். கணவன்தான் ஸ்பீக்கரில் போட்டான்.

"தையல் போட்டாச்சுக்கா, நல்லாத்தான் இருந்தார். இப்போ திடீர்னு கட்டுத்துணியையும் மீறி ரத்தம் பொங்கிடுச்சு. டாக்டர் ஓடி வர்றதுக்குள்ள தானா நின்னுடுச்சு. அவங்களுக்கே ஒண்ணும் புரியல."

தையல்காரி கையை அசைக்கவில்லை. "தையல் எப்போம்மா பிரிப்பாங்க?"

"பத்து நாளாகுமாம்."

கணவன் போனை வைத்தான். அழுத்தி அழுத்தி அவள் கை தளர்வதைப் பார்த்தான். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினான். இப்போது அவனுக்கும் அந்தத் துடிப்பு தெரிந்தது.

வாசலில் யாரோ மணியடித்தார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.